காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள்

யூரிம் அம்மாவை ஒரு நாளைக்கு நூற்று முப்பது பேராவது போனில் பாதிப் பேச்சிலேயே வெட்டுவார்கள். நான் கூட்டிச் சொல்லவில்லை, சாயங்காலம் கணினியே அந்தக் கணக்கைக் காட்டிவிடும். "வணக்கம் வாடிக்கையாளரே" என்று ஆரம்பிப்பதற்குள் சிலர் வெட்டுவார்கள், நிறுவனத்தின் பெயரைச் சொன்னதும் சிலர். கொஞ்சம் நாகரிகம் தெரிந்தவர்கள் "வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுவார்கள். அந்த "வேணாம்" சொல்கிறவர்களை அவள் நல்லவர்கள் என்பாள்.

"ஒரு பதில் சொல்லணும்னு தோணிச்சே அக்கா, அதுவே பெருசு" என்பாள்.

எனக்கு அந்தப் பெருந்தன்மை எல்லாம் கிடையாது. வெட்டியவனின் பாட்டன் வரைக்கும் மனதுக்குள் திட்டிவிட்டுத்தான் அடுத்த எண்ணுக்குப் போவேன்.

அவள் பெயர் தோ ஹேசுக். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரை நான் பார்த்ததில்லை. பிள்ளை பெற்ற பிறகு எங்கள் ஊரில் பிள்ளையின் பெயர்தான் தாய்க்கும் பெயர். தென் கொரியாவின் தேஜோன் நகரில், காப்பீடு விற்கும் தொலைபேசி மையம் ஒன்றின் ஆறாவது மாடியில், பதினோரு வருஷமாக எனக்குப் பக்கத்து இருக்கை அவளுடையது. என்னைவிட ஏழு வயது சின்னவள். வணிகப் பள்ளியை முடித்த கையோடு பதினெட்டு வயதில் ஒரு பெரிய துணிக்கடையின் தொலைபேசி இணைப்பகத்தில் உட்கார்ந்தவள். நாட்டில் பணமுடை வந்த வருஷம் அந்தக் கடை மூடியது. பிறகு கல்யாணம், அதுவும் மூடியது. அந்த ஆளைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை. கைக்குழந்தையை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பியபின் மறுபடி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். ஆக, முகம் தெரியாதவர்களின் குரலோடேயே அவள் ஆயுளில் பாதி போய்விட்டது.

மகள் யூரிம் மருந்தாளுநர் படிப்புக்குப் போக வேண்டும் என்பது யாருடைய ஆசை என்று கேட்டால் இரண்டு பேரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். ஆனால் காரணத்தை என்னிடம் சொன்னவள் அம்மாதான்.

"மருந்துக்கடைல உக்காந்தா ஜனங்க தானா தேடி வருவாங்க அக்கா. நாம யாரையும் கூப்பிட வேணாம்."

முதல் வருஷம் கிடைக்கவில்லை. இரண்டாவது வருஷத்துக்குத் துணிந்தபோது யூரிம் முதல் வேலையாகத் தன் போனை ரத்து செய்தாள். அவள் வகுப்பில் மறுபடி எழுதிய பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தான் செய்தார்கள். காலை ஏழு மணிக்குப் படிப்பறைக்குள் போனால் ராத்திரி பத்துக்குத்தான் வெளியே வருவாள். நவம்பரில் தேர்வு முடிந்த மறுநாள் கடைக்குப் போய்ப் புதுப் போன் வாங்கினாள், புது எண்ணோடு. அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"மூணாவது வருஷம் என்னால முடியாதும்மா. இந்தத் தடவையும் இல்லேன்னா உங்க மாடியிலயே எனக்கும் ஒரு சீட்டு கேட்டு வெச்சிருங்க."

யூரிம் அம்மா இதைச் சொன்னபோது சிரித்தாள். சிரித்துக்கொண்டே கழிவறைக்குப் போனவள் திரும்பி வர வெகுநேரம் ஆனது.

விண்ணப்பம் போட்டது என் வீட்டுக் கணினியில், வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று இடங்களுக்கு மேல் போட முடியாது. எந்த மூன்று என்று யூரிமே மதிப்பெண்ணை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஆனால் கூட வர மறுத்துவிட்டாள். போன வருஷம் அவள் கையால் அனுப்பியது விடியவில்லையாம், அந்தக் கைக்கு ராசி இல்லையாம். "நீங்களே அமுக்கிடுங்கம்மா, நான் திரையைக்கூடப் பாக்க மாட்டேன்" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டதாக யூரிம் அம்மா சொன்னாள். இருபது வயதுப் பெண்ணுக்கு இந்த மாதிரி நம்பிக்கையா என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊரில் தேர்வு நாளில் கடற்பாசி சூப்பு குடித்தால் தேர்ச்சி வழுக்கிவிடும் என்று நம்பாத பேராசிரியரைக்கூட நான் பார்த்ததில்லை.

விண்ணப்பத்தைத் திறந்ததும் திரையில் ஒரு கேள்வி வந்தது. போன வருஷம் பதிந்த விவரங்களை அப்படியே கொண்டுவரவா? யூரிம் அம்மா கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அமுக்கு" என்றேன். "மறுபடி உக்காந்து எல்லாத்தையும் அடிப்பியா? பொழுது போயிடும்."

அமுக்கினாள். அதன்பின் மதிப்பெண்ணை மூன்று முறை சரிபார்த்தாள். புகைப்படத்தில் மகளின் காது தெரிகிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தாள். துறையின் குறியீட்டு எண்ணை விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தாள். மகளின் போன் எண்ணை மட்டும் பார்க்கவில்லை. சொந்த மகளின் எண்ணை யார் சரிபார்ப்பார்கள்? நானும் பார்க்கவில்லை. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. முதல் இடத்தில் பெயரே இல்லை. இரண்டாவதில் காத்திருப்போர் பட்டியலில் அறுபத்து நாலு, அதை மறந்துவிட வேண்டியதுதான். மூன்றாவது சியோலில், அவள் உண்மையில் ஆசைப்பட்ட இடம். அங்கே காத்திருப்பு எண் ஏழு. தேர்வானவர்களில் யாராவது வேறு கல்லூரிக்குத் தாவினால் பட்டியல் நகரும். முதல் சில சுற்றுகளை இணையதளத்தில் போடுவார்கள், கடைசி நாட்களில் போனில்தான் கூப்பிடுவார்கள். எடுத்து "வருகிறேன்" என்று சொன்னால் இடம் உங்களுக்கு. மூன்று முறை அடித்தும் எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

அந்தப் பத்து நாளில் யூரிம் அம்மா பாதி ஆளாகிப் போனாள். சந்திரப் புத்தாண்டுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. போனால் கேட்பார்கள், கேட்காமல் இருந்தால் அது அதைவிட மோசம். அவளுடைய பிறந்தநாளும் நடுவில் வந்தது. பிறந்தநாள் என்றால் கடற்பாசி சூப்பு குடிக்காமல் இருக்க மாட்டோம். நான் வீட்டில் காய்ச்சி டப்பாவில் கொண்டுபோய் நீட்டினேன். தொடமாட்டேன் என்றாள்.

"பரீட்சை முடிஞ்சு மூணு மாசமாச்சு. இனிமே எங்கடி வழுக்கப் போவுது?"

"வேணாம் அக்கா. அவ நம்பர் நகர்ற நேரம்."

"நகரணும்னா வழுக்கினாத்தானே நகரும்! குடி!"

சிரித்தாள், ஆனால் குடிக்கவில்லை. நானே குடித்தேன்.

ஏழு நாலானது. நாலு இரண்டானது. ஒவ்வொரு சுற்றின் நாளிலும் விடுப்பு எடுத்து மகளோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள், அதனால் அவளுக்கிருந்த விடுப்பெல்லாம் தீர்ந்தது. கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் எண் ஒன்றானது. காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். மறுநாள் மாலை ஆறு மணிக்குள் அந்த வகுப்பில் ஒரே ஒரு பிள்ளை விலகினால் போதும்.

அந்த மறுநாள் காலையில் நாங்கள் இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். குளிர் மூக்கை அறுத்தது. அவள் கையுறையைக் கழற்றி மகளுக்குப் போன் செய்தாள்.

"அடிக்குதா?"

எதிர்முனையில் யூரிமின் குரல் எனக்கே கேட்டது. "அடிக்குதும்மா, நல்லா சத்தமா அடிக்குது. சார்ஜ் நூறு இருக்கு. இனிமே ஆறு மணி வரைக்கும் யாரும் எனக்குக் கூப்பிடாதீங்க. நீங்களும்தான்."

"சரிடா. சாப்பிட்டியா?"

"அம்மா, வைங்க!"

வைத்தாள். "சோதிச்சுப் பாத்துட்டேன் அக்கா, நல்லா வேலை செய்யுது" என்றாள். நிம்மதியாகத்தான் சொன்னாள்.

எங்கள் மாடியில் உள்ளே போகுமுன் போனைப் பூட்டுப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். வாடிக்கையாளரின் விவரம் வெளியே போய்விடக்கூடாது என்று விதி. தலைக்கு மேலே கேமரா. எங்கள் குழுத் தலைவி முப்பது வயதுப் பெண், கெட்டவள் இல்லை. யூரிம் அம்மா அவளிடம் போய், இன்று ஒரு நாள் மட்டும் போனை மடியில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

"அக்கா, எனக்கு மட்டும் ஆசையா? மேலேருந்து பாத்துட்டே இருக்காங்க. ரெண்டு பேர் காய்ச்சல்னு லீவு வேற. உங்க பொண்ணு கையில போன் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? அவளுக்குத்தானே வரும்."

அதுவும் நியாயம்தான் என்று பட்டது, அவளுக்கும் எனக்கும். அவள் இருக்கைக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அன்று அவள் குரலில் ஒரு தனி இனிப்பு இருந்தது. எதிர்முனையில் இருப்பவர்களுக்கு நல்லது செய்தால் தனக்கும் நடக்கும் என்பதுபோல, வெட்டினவர்களுக்குக்கூட "நல்ல நாளாக அமையட்டும்" என்று வெற்றுக் காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றரைக்கு எங்கள் இடைவேளை. பதினைந்து நிமிஷம். அவள் பெட்டியைத் திறந்து போனைப் பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். எடுக்காத அழைப்புகள் மூன்று. இரண்டு ஐம்பதுக்கு, இரண்டு ஐம்பத்தைந்துக்கு, மூன்று மணிக்கு. மூன்றும் ஒரே சியோல் எண்.

"யூரிம் எடுத்திருப்பா. உனக்கும் சும்மா ஒரு தகவலுக்குக் கூப்பிட்டிருப்பாங்க" என்றேன்.

"எடுத்திருந்தா யூரிம் எனக்கு சொல்லியிருப்பாளே அக்கா."

மாடிப்படிப் பக்கம் போய் அந்த எண்ணுக்கே போட்டோம். ஏழெட்டு முறை போட்டபின் கிடைத்தது. அவள் போனை ஒலிபெருக்கியில் வைத்தாள். நான்தான் பிடித்துக்கொண்டேன். பேசியவள் சின்னப் பெண், மகள் வயதுதான் இருக்கும்.

"ஆமாம்மா. காத்திருப்பு எண் ஒண்ணு, இடம் வந்துச்சு. முதல் தொடர்பு எண்ணுக்குக் கூப்பிட்டோம். ரெண்டு தடவ எடுக்கல. மூணாவது தடவ எடுத்து 'வேணாம்'னு சொல்லி வெச்சுட்டாங்க. இருந்தாலும் ஒரு தடவ உறுதி பண்ணிக்கலாம்னு ரெண்டாவதா பதிஞ்சிருந்த உங்க எண்ணுக்கும் மூணு தடவ கூப்பிட்டோம்மா."

"எம் பொண்ணா வேணாம்னா? அவ போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காம்மா!"

"கடைசி நாலு எண் ஒன்பது, ரெண்டு, ஒன்பது, எட்டு. சரிதானேம்மா?"

அது யூரிம் போன வருஷம் ரத்து செய்த எண். இப்போது அது யாரிடமோ இருக்கிறது. அந்த யாரோ, தெரியாத சியோல் எண்ணைப் பார்த்ததும் கடனோ காப்பீடோ விற்கிறவர்கள் என்று நினைத்து, மூன்றாவது முறை பொறுக்கமாட்டாமல் எடுத்து, "வேணாம்" என்று சொல்லிவிட்டான். என் மகன் அப்படித்தான் செய்வான். நானும் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. "அது அவ நம்பரே இல்லம்மா! பழைய நம்பர்! எவனோ ஒருத்தன் வேணாம்னா எங்க பொண்ணு இடத்த தூக்கிக் குடுத்துருவீங்களா?" என்று கத்தினேன். மாடிப்படி முழுக்க எதிரொலித்தது.

"உங்க மனவேதனை எனக்கு நல்லாப் புரியுதும்மா. ஆனா விண்ணப்பத்துல பதிஞ்ச எண் அதுதான். அடுத்த மாணவர் மூணு பத்துக்கு ஒத்துக்கிட்டு முன்பணமும் கட்டிட்டாங்க. உரையாடல் எல்லாம் பதிவாகியிருக்கு. வேணும்னா நீங்க கேக்கலாம்."

உங்கள் மனவேதனை எனக்கு நன்றாகப் புரிகிறது. இந்த வாக்கியம் எங்கள் மேசையில் ஒட்டியிருக்கும் தாளில் நான்காவது வரி. வாடிக்கையாளர் கத்தினால் சொல்ல வேண்டியது. அவளும் யாரோ எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறாள். இவளிடம் எவ்வளவு முட்டினாலும் ஒன்றும் நடக்காது என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? கத்தியவர்களிடம் பதினோரு வருஷமாக நாங்கள் எதையாவது விட்டுக்கொடுத்திருக்கிறோமா?

யூரிம் அம்மா போனை என்னிடமிருந்து வாங்கினாள். "கேக்க வேணாம்மா. எப்பிடிச் சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். இன்னும் யாராவது விலகினா..." என்று ஆரம்பித்தாள்.

"விலகினா மூணாவது எண்ணுக்குத்தான் போவோம்மா. ரெண்டு பேர் முடிஞ்சிடுச்சு. உங்க பொண்ணு பேரு கைவிட்டவங்க பட்டியல்ல ஏறிடுச்சு. மன்னிச்சுக்கங்க."

"சரிம்மா. உங்களுக்கு நல்ல நாளா அமையட்டும்."

பழக்கதோஷம். சொல்லிவிட்டுத்தான் அவளுக்கே உறைத்தது. படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கூட உட்கார்ந்தேன். "நல்லா பேசுறா அக்கா, அந்தப் பொண்ணு. ஒரு தடவகூடக் குரல் ஒசரல" என்றாள். அந்தப் பொத்தானை அமுக்கு என்று சொன்னவள் நான். அவள் அதைச் சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை, தன் வலது கைச் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் கை ராசியான கைன்னு குடுத்தா" என்றாள்.

கதவைத் திறந்துகொண்டு குழுத் தலைவி வந்தாள். "அக்கா, பதினஞ்சு நிமிஷம் தாண்டிருச்சு..." என்றவள் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனாள்.

மணி நாலு அடிக்கப் போகிறது. வீட்டில் அந்தப் பெண் புதுப் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு என்னைப் போட்டு வாட்டியது. அடிக்கவே போகாத போன். ஆறு மணி வரைக்கும் அவளை அப்படி உட்கார வைப்பது பாவம் இல்லையா?

"யூரிமுக்கு சொல்லிடு" என்றேன்.

"என்னால முடியாது அக்கா."

"தினம் முந்நூறு பேர் கிட்ட பேசுற."

"அது வேற." அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "அவளுக்கு இடம் கெடைக்கலேன்னு சொல்றதா, கெடைச்சதுன்னு சொல்றதா? எப்பிடி சொன்னாலும் அவ எப்பிடித் தாங்குவா? ஆறு மணி வரைக்குமாவது அவ அப்பிடியே இருக்கட்டுமே."

எனக்குப் பொறுமை போதாது. எப்போதுமே போதாது. மறைக்க மறைக்க வினைதான் என்று நினைத்தேன். அவள் போனிலிருந்து கூப்பிட்டால் அந்தப் பெண் எடுக்கவே மாட்டாள், காலையிலேயே சொல்லிவிட்டாள். பெட்டியிலிருந்து நானும் கொண்டுவந்திருந்த என் போனை எடுத்தேன், யூரிமின் புது எண்ணை அவள் அம்மா எனக்கு என்றோ கொடுத்திருந்தாள். யூரிம் அம்மா தலையை நிமிர்த்துவதற்குள் எண்ணை அமுக்கிவிட்டேன். புதுப் போனில் என் எண் இருக்காது, யாரென்று அவளுக்குத் தெரியாது என்பது எனக்கு அந்த நேரத்தில் தோன்றவேயில்லை. அவசரத்தில் நான் செய்த இரண்டாவது காரியம் அது.

முதல் மணி பாதிகூட அடிக்கவில்லை. எத்தனையோ லட்சம் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன், இவ்வளவு வேகமாக யாரும் எடுத்ததில்லை.

"வணக்கம்! நான் தேர்வர் ஆங் யூரிம் பேசுறேன்! வர்றேன், கண்டிப்பா வர்றேன், எனக்கு வேணும்!"

"ஹலோ? ஹலோ, கேக்குதுங்களா? நான் வர்றேன்னு சொல்றேன்" என்று அந்தப் பெண் பயந்துபோய்க் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போனை அவள் அம்மாவிடம் நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"யூரிம்... அம்மாடா."

அழுகையும் கோபமுமாக ஒரு குரல் வந்தது.

"அம்மா! இது யாரு போனு? எதுக்கு இப்பக் கூப்பிடுறீங்க? லைன் பிஸியாயிடும்மா! அவங்க கூப்பிடுற நேரம்! ப்ளீஸ் வைங்கம்மா, ஆறு மணிக்கு அப்புறம் பேசலாம்!"

"யூரிம், ஒரு நிமிஷம் கேளு..."

வெட்டிவிட்டாள்.

யூரிம் அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு நூற்று முப்பது தடவை அவள் கேட்கிற சத்தம்தான் அது. மாடிப்படியில் மணி நாலு ஐந்து. ஆறு மணிக்கு இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் இருந்தது.